குப்பத்துப் படகும் கோபால்ட் ஆக்சைடும்

வெப்பமின் பொருட்கள் பற்றிய ஆய்வுக்கட்டுரை எதை எடுத்தாலும் முதல் வரி ஏறக்குறைய ஒன்றுதான்: எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகிறது, அதை மின்சாரமாக்கலாம். கோபால்ட் ஆக்சைடு பெராவ்ஸ்கைட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்களும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்த வரியைச் சோதிக்க ஐ.ஐ.டி. வாசலிலிருந்து வெகுதூரம் போகவேண்டாம். சில கிலோமீட்டர் கிழக்கே, அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. அங்கே மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

எஞ்சின் 10 குதிரைத்திறன் டீசல் என்று வையுங்கள். முழு வேகத்தில் ஓடும்போது புகைக்குழாய் வழியாகப் போகும் வெப்பம் மட்டும் சுமார் 7 கிலோவாட். குளிர்விக்கக் கடல்நீர் இலவசம். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது! ஆனால் வெப்பமின் பொருளின் தரத்தை அளக்கும் 'இசட்.டி.' என்ற எண், கடையில் கிடைக்கும் பிஸ்மத் டெல்லுரைடுக்கு 1 அளவில் இருக்கிறது. லாந்தனம் கோபால்ட் ஆக்சைடு வகைகளுக்கோ 0.1-ஐ ஒட்டித்தான். பாதி வெப்பத்தைப் பிடித்து, அதில் நூற்றுக்கு ஒன்று மின்சாரமானால் கிடைப்பது 35 வாட். எஞ்சின் ஓடும்வரை மட்டும்.

அதே 35 வாட்டை ஒரு சின்ன சோலார் பலகை சில ஆயிரம் ரூபாயில் தந்துவிடும். பகலில் பேட்டரியை ஏற்றிக்கொண்டு இரவில் விளக்கும் ஜி.பி.எஸ்.ஸும் ஓட்டலாம். உப்புக்காற்றில் குழாய், தகடு என்று பராமரிக்கும் தலைவலியும் இல்லை. 1977-இல் கிளம்பிய வாயேஜர் கலங்கள் வெப்பமின்சாரத்தில் ஓடுவது, அவை போன இடத்தில் சூரிய ஒளி போதாது என்பதால்தான். பெசன்ட் நகர் கடற்கரைக்கு அந்தக் குறை கிடையாது.

அப்படியானால் இந்த ஆய்வே வீணா? அதுதான் இல்லை. சொல்லவேண்டிய காரணத்தை விட்டுவிட்டு வேறு காரணம் சொல்கிறார்கள் என்பதுதான் குறை.

செம்புக் கம்பியில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 2 மைக்ரோவோல்ட் கூட வராது. லாந்தனம் கோபால்ட் ஆக்சைடில் அறை வெப்பநிலையிலேயே நூற்றுக்கணக்கில் வருகிறது. ஏன்? கோபால்ட் அயனி தன் எலெக்ட்ரான்களைப் பல விதமாக அடுக்கிக்கொள்ளும். தாழ்சுழற்சி நிலையில் மூன்று மின்னூட்டம் கொண்ட அயனிக்கு ஒரே ஒரு அமைப்பு. நான்கு மின்னூட்டம் கொண்டதற்கு ஆறு. மின்னூட்டம் ஓர் அயனியிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது இந்த ஆறின் சுதந்திரமும், அதாவது என்ட்ரோபியும், கூடவே போகிறது. அது மட்டுமே சுமார் 150 மைக்ரோவோல்ட்! இதை 2000-இல் கோஷிபே, சுட்சுயி, மயேகாவா என்ற ஜப்பானியர்கள் சூத்திரமாக்கினார்கள். அதற்கு வெகு முன்பே, 1972-இல், சி.என்.ஆர். ராவும் பிடேவும் சகாக்களும் இதே பொருளின் சுழற்சி நிலை மாற்றங்களை மாஸ்பவர் முறையில் ஆராய்ந்து வெளியிட்டுவிட்டார்கள். நம் நாட்டுக்குப் புதிய சரக்கல்ல இது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சுமார் 230 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்தப் பெராவ்ஸ்கைட் உலோகம் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்து மின்னழுத்தம் சரிகிறது. உலை வெப்பத்தைப் பிடிக்கவேண்டும் என்றால் அடுக்கு வடிவக் கால்சியம் கோபால்ட் ஆக்சைடுதான் பொருத்தம். படகையும் உலையையும் காட்டி நிதி கேட்கும் மாணவர், தன் பொருள் இரண்டில் எதற்கு உதவும் என்று முதல் பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டட்டும். எதற்கும் உதவாது, ஆனாலும் இந்த ஆறு எப்படி மின்னழுத்தமாகிறது என்று பார்க்கவேண்டும் என்று எழுதினால், அந்த விண்ணப்பத்துக்குத்தான் முதலில் பணம் கொடுக்கவேண்டும்.