யார் தலைக்கு மேலே?

அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ஓர் இடைவேளை வரும். நான் ஹவ்காங்கில் ஒரு வீவக வீட்டின் பதினோராவது மாடியில் வாடகை அறையில் இருக்கிறேன். பாய லேபார் ஆகாயப் படைத் தளத்திலிருந்து போர் விமானம் எழும்பினால் சன்னல் கண்ணாடி அதிரும். வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். பாசிர் கூடாங்கிலிருந்து அம்மா, "லைன் கட்டாயிடுச்சா? இருக்கியாடா?" என்பார். "இருக்கேம்மா, பிளேன்" என்பேன். "வாடகையும் கொடுத்து இதையும் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?" என்பது அம்மாவின் வழக்கமான அடுத்த கேள்வி.

வீட்டுக்காரம்மாவிடம் இதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் மகன் ஆகாயப் படையில் தேசிய சேவை செய்தவர். விமானம் கடக்கும்போது தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். "நம்ம பிள்ளைங்க ஓட்டுறது தம்பி. கொஞ்சம் பொறுத்துக்கத்தான் வேணும்" என்பார்.

நான் அவரோடு வாதாடுவதில்லை. இவ்வளவு சிறிய தீவில் யாரோ பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த 'யாரோ' எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதே என் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் தேக்காவுக்குப் போவேன். அப்பர் சிராங்கூன் சாலை அப்படியே சிராங்கூன் சாலையாகி என்னை லிட்டில் இந்தியாவில் இறக்கிவிடும். அங்கேயும் சத்தத்துக்குக் குறைவில்லை. கோயில் மணி, பூக்கடைக்காரர் கூவுவது, ஊருக்குப் பேசும் தொழிலாளர் அண்ணன்மார்களின் உரத்த குரல். ஆனால் வானத்திலிருந்து வரும் சத்தம் குறைவு. தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைக் காலத்தில் விமானங்கள் பறந்தால் எல்லாரும் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிப்பார்கள். அங்கே அது வேடிக்கை. அதே சாலையின் மறுமுனையில் வார நாள் வழக்கம்.

தேக்காவின் வானம் தற்செயலாக அமைதி பெற்றதல்ல. 1955இல் திறக்கப்பட்ட பாய லேபார் விமான நிலையம் 1970களில் நெரிசலானது. அங்கேயே இரண்டாவது ஓடுபாதை அமைக்கலாம் என்று வெளிநாட்டு ஆலோசகர்கள் பரிந்துரைத்தார்கள். திரு லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்துக்கு மேலே பறந்தபோது, விமானங்களின் இரைச்சல் கடல்நீர் மீது விழுவதைக் கவனித்தாராம். பாய லேபாரில் இரண்டாவது ஓடுபாதை வந்தால் விமானங்கள் நகரத்தின் நெஞ்சுக்கு மேலேயே பறக்கும் என்றும் கவலைப்பட்டார். 1975இல் சாங்கிக்குப் போவதென்று முடிவாயிற்று. கடலைத் தூர்த்து நிலம் எடுத்தார்கள். 1981 ஜூலை 1ஆம் தேதி புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது. இரைச்சலைக் குறைக்கப் பாதையை மாற்றுவதை உலகம் பேசிக்கொண்டிருக்க, இங்கே நிலையத்தையே தூக்கிக் கடலோரத்தில் வைத்தார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்படி யோசிக்கத் தெரிந்த அரசாங்கங்கள் குறைவு.

ஆனால் பாய லேபார் ஓடுபாதையை யாரும் பெயர்த்தெடுக்கவில்லை. பயணிகள் போனார்கள், ஆகாயப் படை வந்தது.

பாதையை மாற்றினால் இரைச்சல் குறையாதா என்று கேட்கலாம். ஓரளவு குறையும். ஆனால் பெரும்பாலும் அது இடம்தான் மாறுகிறது. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானம் மேலேறும்போது இரைச்சலைக் குறைக்க இரண்டு முறைகளை வகுத்திருக்கிறது. முதல் முறையில் விமானம் வேகத்தைக் கூட்டாமல் முதலில் உயரத்தை எட்டுகிறது; ஓடுபாதைக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஆறுதல். இரண்டாவதில் சீக்கிரமே வேகமெடுக்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல். இருவருக்கும் ஒரே அளவு நன்மை தரும் மூன்றாவது முறை கிடையாது. அருகிலா, தூரத்திலா என்று யாராவது தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

துணைக்கோள வழிகாட்டல் வந்த பிறகு இன்னொரு சிக்கல். முன்பு அகலமாகச் சிதறிப் பறந்த விமானங்கள் இப்போது நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போகின்றன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2014 செப்டம்பரில் புறப்பாட்டுப் பாதைகளை இப்படி மாற்றினார்கள். எரிபொருள் மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் புதிய கோட்டின் கீழே வந்த பழைய குடியிருப்புகளில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். நகராட்சியும் குடியிருப்பாளர்களும் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் தந்த விதம் முறையற்றது என்று 2017இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேற்குத் திசைப் பாதைகள் ஏறத்தாழப் பழையபடி ஆயின. சிட்னியில் வேறு வழியை எடுத்தார்கள். 1994இல் மூன்றாவது ஓடுபாதை திறந்ததும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, இரைச்சலை வெவ்வேறு வட்டாரங்கள் பகிர்ந்துகொள்ளும்படி 1997இல் ஒரு திட்டம் வகுத்தார்கள். எனக்குச் சிட்னி வழியே நியாயமாகப் படுகிறது. எல்லாருக்கும் கொஞ்சம் தொல்லைதான், ஆனால் ஒருவர் தலையிலேயே முழுவதும் விழுவதில்லை.

இனி என் ஊருக்கு வருகிறேன். பாசிர் கூடாங்கில் தமிழ்ப்பள்ளி முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்துக்குப் போகவிருந்த சமயம். 2018 டிசம்பரில் எங்கள் வானம் திடீரென்று செய்தியாயிற்று. சிலேத்தார் விமான நிலையத்தில் புதிய முனையம் திறந்திருந்தார்கள். அங்கே கருவி வழிகாட்டலுடன் விமானங்களை இறக்கச் சிங்கப்பூர் அறிவித்த முறையில், பாதை பாசிர் கூடாங்கின் மேலே வந்தது. (அது இறங்கும் பாதை, ஏறும் பாதையன்று. கீழே இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.) கட்டடங்களின் உயரத்தையும் துறைமுக வேலையையும் அது கட்டுப்படுத்தும் என்று மலேசியா மறுத்தது. 2019 ஜனவரி 2 முதல் எங்கள் ஊருக்கு மேலே கட்டுப்படுத்தப்பட்ட வான்பகுதி என்று அறிவித்தது. 8ஆம் தேதி வெளியுறவு அமைச்சர்கள் சந்தித்தார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி போக்குவரத்து அமைச்சர்கள் ஆண்டனி லோக்கும் காவ் பூன் வானும் உடன்பாடு கண்டார்கள். சிங்கப்பூர் அந்த முறையை மீட்டுக்கொண்டது. மலேசியா தன் கட்டுப்பாட்டை நிறுத்திவைத்தது.

ரொட்டி சானாய்க் கடையில் அப்பாவின் நண்பர்கள் "நம்ம வானம்" என்று பேசியது நினைவிருக்கிறது. எங்கள் தாமானில் அது எப்படிக் கேட்கும் என்று ஒருவரும் பேசவில்லை. எங்களிடம் யாரும் கேட்கவுமில்லை. மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, எங்கள் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. தலைக்கு மேலே போவதைப் பற்றி இரண்டு நாடுகள் பேசிக்கொண்டிருந்த அதே மாதங்களில், மூக்குக்குள் போவதைப் பற்றித்தான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

கடலுக்கு மேலே பாதை என்று இங்கே எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஜொகூர் நீரிணை சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்தான். அதற்கு அப்பால் என் அம்மா துணி காயப்போடுகிறார்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்? பாய லேபார் தளம் 2030களில் இடம் மாறத் தொடங்கும் என்று 2013 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். 800 ஹெக்டர் நிலம் கிடைக்கும். அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 150,000 புதிய வீடுகள் வரலாம் என்று 2022இல் சொன்னார். ஹவ்காங்வாசிகளுக்கு நல்ல செய்தி. ஆனால் தளத்தின் வேலைகள் தெங்காவுக்கும் சாங்கிக்கும் போகின்றன. தெங்காத் தளத்தை விரிவாக்குவதற்காகச் சுவா சூ காங் இடுகாட்டில் 80,500 கல்லறைகளைத் தோண்டி அகற்றப்போவதாக 2017இல் அறிவிப்பு வந்தது. மாண்டவர்களே இடம்பெயர வேண்டியிருந்தது. தளத்துக்குப் பக்கத்திலேயே தெங்காப் புது நகரத்தில் 2023 முதல் இளம் குடும்பங்கள் குடியேறி வருகின்றன. நம் ஆகாயப் படை பிரான்சின் காஸோ, ஆஸ்திரேலியாவின் பியர்ஸ், அமெரிக்காவின் ஐடஹோ ஆகிய இடங்களிலும் பயிற்சி செய்கிறது. அங்கேயும் கீழே வீடுகள் உண்டு.

ஆகவே நண்பர்களே, நான் கேட்பது விமானமே வேண்டாம் என்றல்ல. கோடு போடுவதற்கு முன்னால் அந்த வரைபடத்தைச் சமூக மன்றத்தில் மாட்டிவையுங்கள். எந்த மணிக்கு எத்தனை விமானம் என்று நான்கு மொழியிலும் எழுதிவையுங்கள். முடிந்தால் அந்தச் சத்தத்தையே ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டுங்கள். நீரிணைக்கு அப்பால் இருக்கும் தாமான்களையும் கணக்கில் சேருங்கள். தேசியத் தேர்வுக் காலத்தில் பறப்பைக் குறைப்பதாகத் தற்காப்பு அமைச்சு சொல்கிறது. மாணவர்களுக்காக நேரத்தை மாற்ற முடியுமென்றால், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர்களுக்காகவும் யோசிக்கலாமே. நம் சங்கத்தில் பாதிப்பேர் பொறியியல் மாணவர்கள். ஒலி அளக்கும் கருவியோடு தெங்காவுக்கு ஒரு சனிக்கிழமை போய்வர யாராவது தயாரா?

சென்ற வாரம் இந்தக் கட்டுரையைப் பற்றி வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். தளம் தெங்காவுக்குப் போகிறது என்றதும், "தெங்காவிலா? அங்கதானே என் தங்கச்சி மக வீடு வாங்கியிருக்கா!" என்றார். உடனே தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார். விஷயத்தைச் சொல்லத் தொடங்கும்போது ஒரு விமானம் எழும்பியது. தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு, அது போகும்வரை காத்திருந்தார்.