கடலில் எண்ணெய் கலப்பது யாரால்? வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற, என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த பையன் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். வேலையில் கெட்டிக்காரன். பழைய ஆயிலை ஒரு சொட்டு சிந்தாமல் கேனில் ஊற்றினான். ஆனால் செயினும் சாமான்களும் கழுவிய கருத்த டீசலைத் தட்டோடு எடுத்துப்போய்ப் பின்பக்க ஓடையில் கொட்டிவிட்டு வந்தான்.

"என்னப்பா இது?" என்றேன்.

"கொஞ்சம்தானே டீச்சர். இங்கன ஊத்துனா கடலுக்கா போயிரப்போவுது?" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. கடல் மாசு பாடத்துக்குக் கரும்பலகையில் நான் என்ன வரைவேன் என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கப்பல், அதில் ஓட்டை, தண்ணீரில் கருப்புத் திட்டு, பக்கத்தில் ஒரு பறவை. வருஷா வருஷம் அதே படம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, கப்பல் இல்லாதவனுக்கு இதில் பங்கில்லை என்றுதானே நினைப்பான்?

அந்தப் படம் பொய் இல்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. இளைஞர்கள் வாளியால் அதை அள்ளியதை டிவியில் எல்லாரும் பார்த்தோம். ஆனால் அது பாதிப் பாடம்தான்.

மீதிப் பாதி இது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2003இல் ஒரு பெரிய கணக்கு வெளியிட்டன. உலகக் கடல்களில் ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் டன் பெட்ரோலிய எண்ணெய் சேர்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி கடலடிப் பாறை வெடிப்புகளில் இயற்கையாகவே கசிவது. எண்ணெயை ஏற்றி இறக்கிக் கொண்டுபோகும்போது கொட்டுவது, விபத்துகளையும் சேர்த்து, சுமார் 12 சதவீதம். பயன்படுத்தும்போது சேர்வது சுமார் 37 சதவீதம். நகரத்துச் சாக்கடை, ரோட்டில் சொட்டுவது, படகு, கப்பல்களின் அன்றாடக் கழிவு எல்லாம் இதில் அடக்கம். 2022இல் வந்த அடுத்த அறிக்கை, வட அமெரிக்கக் கடல்களில் மனிதரால் சேரும் எண்ணெயில் நிலத்திலிருந்து வழிந்து வருவதுதான் முதலிடம் என்கிறது.

நம் மாநிலத்திலும் சாட்சி இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர் கழிமுகமும் கொசஸ்தலை ஆறும் கருத்தன. படகும் வலையும் மீனவர் கையும் எண்ணெய். அப்போது எந்தக் கப்பலும் மோதவில்லை. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அது.

தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் நாலு நாளில் மறைந்ததும் தீர்ந்தது என்று நினைக்கிறோம். லேசான பகுதி ஆவியாகும், கொஞ்சத்தைப் பாக்டீரியா தின்னும். கனமான பகுதி களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு, ஆறு கடலில் சேர்ந்து வேகம் குறையும் இடத்தில் வண்டலோடு அடியில் போய் உட்காரும். அந்தச் சேற்றுக்குள் சில சென்டிமீட்டர் இறங்கினாலே ஆக்சிஜன் இருக்காது. தின்னும் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத் கரையில் 1969இல் ஒரு எண்ணெய்ப் படகு தரைதட்டியது. 30 வருஷம் கழித்து அங்கே உப்புச் சதுப்பைத் தோண்டியபோதும் எண்ணெய் இருந்தது. புழுவும் நண்டும் சிப்பியும் அந்த மாதிரிச் சேற்றில்தான் வாழ்கின்றன. எண்ணெயிலும் புகையிலும் உள்ள சில பொருட்கள் புற்றுநோய் உண்டாக்குபவை.

நெடுவாசல் போராட்டத்தின்போது கேள்விப்பட்டோமே ஹைட்ரோகார்பன், அதுதான் இது. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலிகள், வளையங்கள். சேற்றில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று விஞ்ஞானிகள் பிரித்துப் பார்க்கிறார்கள். இலையின் மேல் இருக்கும் மெழுகில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் உள்ள சங்கிலிகள் அதிகம். பெட்ரோலியத்தில் ஒற்றையும் இரட்டையும் ஏறக்குறையச் சமம். எரியாத எண்ணெயில் இரண்டு மூன்று வளையங்கள் உள்ளவை அதிகம். விறகு, நிலக்கரி, டீசல் எரிந்த கரியில் நாலும் அதற்கு மேலும். இலை எவ்வளவு, சிந்திய எண்ணெய் எவ்வளவு, புகை எவ்வளவு என்று கடலடிச் சேறு கணக்கு எழுதி வைத்திருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. தாமிரபரணி புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கோடையில் அணைக்கட்டும் குளமும் தண்ணீரை மறித்துக்கொள்ளும், கருப்புச் சேறு ஓடையிலேயே கிடக்கும். பெருமழை வந்தால் எல்லாம் புறப்படும். 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. நம் ஓடைகளில் படிந்திருந்ததையெல்லாம் அப்படிப்பட்ட வெள்ளம்தான் வாரிக்கொண்டு போகிறது. அது போய்ச் சேரும் இடம் 21 தீவுகளும் பவளப்பாறையும் கடல்புல்லும் ஆவுளியாவும் உள்ள கடல். 1986இலேயே அங்கே தேசியப் பூங்கா அறிவித்தார்கள்.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் நல்லெண்ணெய் கொழுப்பு, பாக்டீரியா அதைச் சுலபமாகத் தின்றுவிடும். அருவிக்கு வரும் கார், வேன், பஸ் பார்க்கிங்கில் சொட்டும் இன்ஜின் ஆயில் அப்படியல்ல. அதில் கரியும் உலோகத் தூளும் சேர்ந்திருக்கும். தலையில் தேய்த்த எண்ணெயைத் தடுத்துவிட்டு இதை விட்டுவிட்டோம்.

"பெரிய ஆலைகளை விட்டுவிட்டு ஏழை மெக்கானிக்கைப் பிடிக்கிறீர்களே டீச்சர்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரியவர்களைச் சட்டம் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்கே அனுப்ப வேண்டும் என்பது 2016 அபாயகரக் கழிவு விதி. 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு, ஆயில் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் நிறுவனங்கள் மேலேயே இருக்கிறது. ஆக, மெக்கானிக் கைக்காசு போட வேண்டியதில்லை. கேட்டு வாங்க வேண்டும், கொட்டாமல் இருக்க வேண்டும். பெரியவன் லாரியில் கொட்டுகிறான் என்பதற்காக நான் தட்டில் கொட்டினால் சரியாகிவிடுமா?

நான் கேட்பது நாலு விஷயம்.

ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்கள் கழுவிய டீசலுக்குத் தனிக் கேன் வையுங்கள். தெளிய விட்டால் மேல் டீசலை மறுபடி கழுவ எடுக்கலாம். தரையில் சிந்தினால் மரத்தூள் போட்டு அள்ளுங்கள். அடுப்பு எரிக்கப் பழைய ஆயில் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள், அது புகையாகத் திரும்பி வரும்.

வண்டி வைத்திருப்பவர்கள் ஒழுகும் இன்ஜினை உடனே சரி செய்யுங்கள். சிற்றாற்றில் இறக்கி வண்டி கழுவாதீர்கள்.

போகிக்கு டயர் எரிக்காதீர்கள்.

நகராட்சி, பேரூராட்சியில் பொறுப்பில் இருக்கும் என் பிள்ளைகளே, சீசன் பார்க்கிங் தண்ணீர் ஓடையில் விழும் முன் எண்ணெயைப் பிடிக்கும் ஒரு தொட்டி கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பையனிடம் மறுநாள் போய் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா டீச்சர்" என்றான். சொல்லியிருக்கலாம்தான். அதனால்தான் இப்போது உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் என் மாணவர்கள் அந்தக் கப்பலை வரையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு ஒர்க்ஷாப்பும் ஓடையும் ஆறும் வரைந்து, அதைக் கடல் வரைக்கும் இழுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்