தீ பிடிப்பதற்கு முன்பே தொடங்கும் வேலை

'ஃபயர் அண்ட் சேஃப்டி: ஆறு மாதத்தில் சான்றிதழ், வளைகுடாவில் வேலை' என்ற விளம்பரத்தைப் பார்க்காத பிளஸ் டூ மாணவர் கீழச்சிவல்பட்டிப் பக்கம் இருக்கமாட்டார். அந்த வேலை கிடைக்கவும் செய்கிறது. பலர் போய்ச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் தீப் பாதுகாப்பை அவசரப் பயிற்சியாக மட்டும் பார்ப்பதால், நான்காண்டு படிக்க வேண்டிய பொறியியல் துறை ஒன்று நம் கண்ணில் படாமலே போகிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்தில் 28 பேர் இறந்ததற்குக் கீற்றுக் கொட்டகையும் அவர்களைக் கட்டிவைத்த கால் சங்கிலியும் காரணம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்திலும் அதே கீற்றுதான். அந்த ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினார்கள். சமையல் கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறைக்கு மேலிருந்த கூரைக்குத் தாவியது. மூன்று இடங்களிலும் தீயணைப்பு வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதைவிட, மேலே எதை வேய்ந்தார்கள், வெளியேற எந்த வழி விட்டார்கள் என்பதே பெரிய கேள்வி. அதைக் கட்டுவதற்கு முன் கேட்பவர்தான் தீப் பாதுகாப்புப் பொறியாளர்.

செட்டிநாட்டு வீடுகளையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீட்டில் இரண்டு வாசல்கள் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. வானம் பார்த்த முற்றம் புகையை மேலே விட்டுவிடும். தீ விபத்தில் பலரைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். கனத்த பர்மா தேக்கு வெளிப்புறம் கரியானாலும் உள்ளே வெகுநேரம் பாரம் தாங்கும். காப்புப் பூச்சில்லாத இரும்போ 550 டிகிரி செல்சியஸை ஒட்டியே பாதி வலுவை இழந்துவிடுகிறது. ஆனால் கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் இந்த வீடுகள் விடுதிகளாகும்போது, குளிர்சாதனத்துக்காக முற்றத்தைக் கண்ணாடியால் மூடி, பின்வாசலைப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? கதவுக்குக் கதவு ஒரு சிவப்பு சிலிண்டர் மாட்டுவது அதற்கு விடையாகாது. புகை எந்த வேகத்தில் நிரம்பும், விருந்தினர் வெளியேற எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட ஆள் வேண்டும்.

வேலை எங்கே என்று பெற்றோர் கேட்பது நியாயம். 2025 நவம்பர் வரை இருந்த தொழிற்சாலைச் சட்டம் பொதுவாக ஆயிரம் தொழிலாளர் உள்ள இடத்தில்தான் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது; மண்டபத்துக்கும் விடுதிக்கும் அப்படி ஒரு நிர்ப்பந்தம் இல்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓராண்டு டிப்ளமோ போதாதா என்றும் கேட்கலாம். கருவிகளைப் பராமரிக்கப் போதும். ஆனால் சுத்திகரிப்பு ஆலை, உயர்மாடிக் கட்டடம், லித்தியம் மின்கலக் கிடங்கு ஆகியவற்றுக்கு வடிவமைப்பு அறிவு வேண்டும். தன் வெப்பத்தாலேயே தொடர்ந்து எரியும் மின்கலத்தைப் பழைய முறைகள் எளிதில் அடக்குவதில்லை. அந்த மின்கலங்களை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியும் அதே ஊரில். இரண்டும் சேர்ந்து ஒரு விருப்பப் பாடத்தில் தொடங்கினால்கூடப் போதும். அதுவரை, முழுப் பட்டம் வேண்டுபவர்கள் நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியையும் கொச்சிப் பல்கலைக்கழகத்தையும் விசாரிக்கலாம். வேறு எங்கே சேர்வதாக இருந்தாலும், பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.