நாற்காலியைப் போட்டுட்டு அப்புறம் பேசுங்க

ஜவுளிக்கடையில புடவை எடுத்துப் போடுற பெண்களைப் பாத்திருப்பீங்க. காலையில கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் நின்னுகிட்டேதான் இருப்பாங்க. கூட்டமே இல்லாத மத்தியான நேரத்துலகூட உட்காரக் கூடாது. உட்கார்ந்தா முதலாளிக்கு சோம்பேறித்தனமா தெரியும்.

இவங்களுக்கு உட்காரும் வசதி செஞ்சு தரணும்னு கேரளாவுல 2018-லயும், நம்ம தமிழ்நாட்டுல 2021-லயும் கடைகள் சட்டத்தைத் திருத்தினாங்க. நம்ம சட்டம் 1947-ல வந்தது. அதுல ஒரு நாற்காலியைச் சேர்க்க 74 வருஷம் ஆகியிருக்கு! கேரளாவுல இதுக்கு முன்னாடி நின்னவங்கள்ல முக்கியமானவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த விஜி. தையல் வேலை பார்த்தவர். அவங்க முதல்ல கேட்டது நாற்காலிகூட இல்லைங்க, கழிப்பறை. அது இல்லாததால தண்ணியே குடிக்காம நாள் முழுக்க வேலை பார்த்த பெண்கள் இருந்தாங்க.

"ஏசி ரூம்ல பொட்டி தட்டுற நமக்கு இதுக்கும் என்னப்பா சம்பந்தம்"னு கேட்டீங்கன்னா, இருக்கு.

நம்ம ஐடி கம்பெனிகள்ல டைவர்சிட்டி, இன்க்ளூஷன்னு ரெண்டு வார்த்தை ரொம்ப வருஷமா ஓடிட்டு இருக்கு. இப்ப 'பிலாங்கிங்'னு மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு. மார்ச் 8 வந்தா ஊதா கலர் டிரெஸ், ஒரு ரோஜா, ஒரு கேக், வெளியிலிருந்து ஒரு பேச்சாளர். லிப்ட் பக்கத்துல போஸ்டர். இதை நான் கிண்டல் பண்ணலை (சரி, கொஞ்சம் பண்றேன் :-)). என் வருத்தமெல்லாம் இது தப்பான இடத்துல ஆரம்பிக்குதுங்கறதுதான். எல்லாரும் நல்ல மனசோட இருந்தா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நினைப்பு. கடை முதலாளிகள்ல நல்ல மனுசங்க இல்லாமலா இருந்தாங்க? அவங்க கடையிலயும் நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

கொச்சி மெட்ரோ கதை ஞாபகம் இருக்கா? 2017-ல ஆரம்பிச்சப்போ திருநங்கைகள், திருநம்பிகள்னு 23 பேரை வேலைக்கு எடுத்தாங்க. உலகம் முழுக்க பத்திரிகைகள்ல வந்துச்சு. நிஜமாவே நல்ல காரியம். ஆனா சில வாரங்கள்லயே எட்டுப் பேர் வேலையை விட்டுட்டாங்க. மெட்ரோவுல யாரோ திட்டினதால இல்லை. ஊருக்குள்ள அவங்களுக்கு யாரும் வீடு வாடகைக்குத் தரலை. லாட்ஜுல தங்கினா தினமும் ஆகுற செலவு சம்பளத்தைத் தின்னுடும். வேலை குடுத்தாச்சு, சீருடை குடுத்தாச்சு, ராத்திரி எங்க படுப்பாங்கங்கற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. "அது எங்க வேலை இல்லையே"ன்னு ஒரு நிர்வாகம் சொல்லலாம். சொன்னா எட்டுப் பேர் போயிடுவாங்க.

பழைய தொழிற்சாலை சட்டத்துல இன்னொரு உதாரணம் இருக்கு. 1948-ல வந்த அந்தச் சட்டம் பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு தடுத்தது. பாதுகாப்புக்குன்னு போட்டதுதான், ஆனா அதனால வேலையும் போச்சு, ராத்திரி ஷிப்ட் கூலியும் போச்சு. 2000-ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னுச்சு. எனக்குப் பிடிச்சது அதோட நிறுத்தாததுதான். வண்டி விடணும், ஓய்வறை வேணும், தனியா ஒருத்தரை மட்டும் வைக்கக் கூடாதுன்னு நிபந்தனையும் சேர்த்தே போட்டாங்க. உரிமையும் வேனும் ஒரே பேப்பர்ல.

சரி, நம்ம கூடாரத்துக்கு வருவோம். நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனி. அங்க எங்க டீம்ல ஒரு பையன், பெரம்பலூர் பக்கம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். கோட்னா தண்ணி பட்ட பாடு. ஆனா கிளையண்ட் கால்ல வாயே திறக்க மாட்டான். எங்க டேமேஜர் ஒவ்வொரு கால் முடிவுலயும் "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்டு, சரியா ரெண்டு செகண்ட் விட்டு, "குட், தேங்யூ"ன்னு முடிச்சிடுவார். அந்த ரெண்டு செகண்ட்ல மனசுக்குள்ள தமிழ்ல யோசிச்சு, இங்கிலீஷ்ல மாத்தி, கிராமரை சரிபார்த்து, மியூட்டை எடுத்துப் பேசணும். நடக்குற காரியமா?

ஒரு ரிலீஸ்ல, மாசக் கடைசி தேதி வந்தா வட்டிக் கணக்கு தப்பாகும்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. கால்ல சொல்லலை. மாசக் கடைசி வந்துச்சு, வெடிச்சுச்சு. ரெண்டு ராத்திரி மொத்த டீமும் ஆணி புடுங்கினோம். அப்புறம் கேண்டீன்ல டீ குடிக்கும்போதுதான் சொன்னான்: "அன்னிக்கே தெரியும்ணே, எப்படி சொல்றதுன்னுதான் தெரியலை."

டேமேஜர் கெட்டவர் இல்லை. "அவன் கம்யூனிகேஷனை இம்ப்ரூவ் பண்ணிக்கணும்"னு அப்ரைசல்ல எழுதினார். அந்த வருஷம் அவனுக்கு ஹைக் கம்மி.

அடுத்து வந்த மேனேஜர் ஒரு அம்மா. அவங்க பெருசா எதுவும் பேசலை. மூணு விஷயம் மாத்தினாங்க. கால்ல பேசப்போறதை முந்தின நாளே டாக்குமெண்டா அனுப்பி, கேள்விகளை எழுதிக் கேக்கச் சொன்னாங்க. மீட்டிங்ல ஜூனியர்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா கருத்து சொல்லணும், சீனியருங்க கடைசி. கிளையண்ட் லைன் துண்டிச்சதும் பத்து நிமிஷம் நாங்க மட்டும், எந்த பாஷையில வேணாலும் பேசலாம். அவ்வளவுதான். ஒரு பைசா செலவில்லை. அந்தப் பையன் எழுதின கேள்விகளைப் பாத்து கிளையண்டே "யார் இவர்"னு விசாரிச்சாங்க. டீம்ல இன்னும் ரெண்டு பேர் இதே மாதிரி வாயை மூடிட்டு இருந்தது அப்புறம்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது.

இதைப் பத்தி ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு சுவாரசியமானது. 1990-கள்ல ஆஸ்பத்திரிகள்ல மருந்து குடுக்குறதுல நடக்குற தவறுகளைக் கணக்கெடுத்தாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தா, நேர்மாறா வந்துச்சு, நல்ல டீம்லதான் தப்பு அதிகம்! யோசிச்சப்புறம்தான் புரிஞ்சுது, அந்த டீம்ல தப்பை வெளிய சொல்ல பயம் இல்லை. மத்த டீம்ல மறைச்சிருக்காங்க. பக் கவுண்ட் கம்மியா இருக்குன்னு பெருமைப்படுற லீடுங்க இதை ஒருதடவை யோசிக்கலாம்.

இந்த இடத்துல யாராவது "மெரிட்"னு ஆரம்பிப்பாங்க. தகுதி இருந்தா தானா வரப்போறாங்க, எதுக்கு இந்த வேலையெல்லாம்னு. தகுதியை எதை வச்சு அளக்குறீங்கங்கறதுதான் என் கேள்வி. அமேசான்ல ரெஸ்யூமை தரம் பிரிக்க ஒரு புரோகிராம் எழுதினாங்க. பத்து வருஷ ரெஸ்யூமை வச்சு அதுக்குப் பாடம் நடத்தினாங்க. அந்தப் பத்து வருஷமும் விண்ணப்பிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க ஆண்கள். 'பெண்கள்'ங்கற வார்த்தை ரெஸ்யூம்ல இருந்தாலே மார்க்கைக் குறைக்க அதுவே கத்துக்கிச்சு. சரிபண்ணப் பாத்தும் நம்பிக்கை வராம கைவிட்டதை 2018-ல ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டு வந்துச்சு. மிஷினுக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாது. நேத்து யாரை எடுத்தோமோ அதையே இன்னிக்கும் செய்யுது. நம்ம இன்டர்வியூ பேனலும் பல இடத்துல அந்த மிஷின்தான், காபி மட்டும் குடிக்கும்.

அதுலயும் "கல்ச்சர் ஃபிட்"னு ஒண்ணு இருக்கு பாருங்க. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்? நீங்க வெஜ்ஜா?" இதெல்லாம் ஜாவாவுல எந்த சாப்டர்ல வருதுன்னு எனக்குத் தெரியலை. எதைத் தெரிஞ்சுக்கக் கேக்குறாங்கன்னு கேக்குறவருக்கும் தெரியும், பதில் சொல்றவனுக்கும் தெரியும். நம்மாளுங்க இதைக் கடல் தாண்டியும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க. 2023 பிப்ரவரியில அமெரிக்காவுல சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை பண்ணி சட்டம் போட வேண்டி வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல கலிபோர்னியாவுல இதே மாதிரி வந்த மசோதாவை, இருக்குற சட்டமே போதும்னு சொல்லி கவர்னர் திருப்பி அனுப்பிட்டார். நம்ம ஊர் கம்பெனி போஸ்டர்கள்ல எல்லா வானவில் கலரும் இருக்கும், சாதிங்கற வார்த்தையை மட்டும் நான் இதுவரை பாத்ததே இல்லை.

சட்டம் போட்டா மட்டும் போதுமான்னா, அதுவும் இல்லை. 2017-ல மகப்பேறு விடுப்பை 12 வாரத்துல இருந்து 26 வாரமா ஆக்கினாங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா குழந்தைக் காப்பகம் வேணும்னாங்க. நல்லது. ஆனா அந்தச் சம்பளம் முழுக்க கம்பெனி தலையில. விளைவு, "கல்யாணம் எப்போ?"ங்கற கேள்வி இன்டர்வியூல வேற வேற வேஷத்துல வருது. காப்பகம்னு பேருக்கு அஞ்சு கிலோமீட்டர் தள்ளி ஒரு பிளே ஸ்கூலோட ஒப்பந்தம் போட்டுடறாங்க. நடுவுல நாலு தடவை போய் குழந்தையைப் பாத்துட்டு வரலாம்னு சட்டம் சொல்லுச்சு. சென்னை டிராபிக்ல நாலு தடவை போனா அன்னிக்கு வேலையே அதுதான்.

போன வாரம் எங்க ஹெச்.ஆர்.ல இருந்து மெயில். "உங்கள் தளத்தில் எல்லோரும் ஒன்றாக உணர என்ன செய்யலாம், யோசனைகள் வரவேற்கப்படுகின்றன"ன்னு. நான் ரெண்டு அனுப்பினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வைக்குற ரிவ்யூவை மத்தியானத்துக்கு மாத்துங்க, ஆறரைக்கு கேப் பிடிக்கறவங்க அதுல இருக்கவே முடியறதில்லை. மூணாவது மாடி லேடீஸ் ரெஸ்ட்ரூம் கதவுல தாழ்ப்பாள் ரெண்டு மாசமா இல்லையாம், அதைப் போடுங்க. தாழ்ப்பாளுக்கு டிக்கெட் ஓபன் பண்ணியிருக்காங்க. ரிவ்யூ பத்தி இன்னும் பதில் வரலை.