ஜவானுக்கு இரக்கம் காட்டறேன் பேர்வழின்னு...

"பாவம், பட்டாளத்துக்காரன். டூட்டி முடிச்சுட்டு வந்து பரீட்சை எழுதறான். கேள்வித்தாள் கொஞ்சம் முன்னாடியே கைக்கு வந்தா என்ன, குடியா முழுகிடப் போகுது?"

மாயாபந்தரில் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு காதில் விழும். அஞ்சல்வழியில் படிக்கிற ஜவான்களைப் பற்றித்தான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன்னு சொல்கிறேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு: போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 240 கி.மீ. வடக்கே இருக்கிறோம். ஜிர்காதாங்கில் கான்வாய்க்குக் காத்திருந்து, ஜாரவா காட்டைத் தாண்டித்தான் பஸ் வரவேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து திறந்த கடலடி கேபிள்கூட இந்தப் பக்கம் ரங்கத்தோடு நின்றுவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் பணியில் இருப்பவனுக்கு அஞ்சல்வழிப் படிப்பு பெரிய வரம். ராணுவமும் இக்னோவும் சேர்ந்து 2009-ல் 'ஞானதீப்' திட்டத்தைத் தொடங்கியதே, பணியில் கற்ற பயிற்சியையும் படிப்பாகக் கணக்கில் எடுத்து, ஒரு சான்றிதழ் கையில் தரத்தான். நாற்பது வயசுக்குள் பென்ஷனோடு ஊர் திரும்புகிறவனுக்கு அடுத்த வேலையே அந்தக் காகிதத்தை நம்பித்தான்.

அந்தக் காகிதத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருது? பரீட்சை யோக்கியமாக நடந்தது என்கிற நம்பிக்கையிலிருந்து. அதில் ஓட்டை விழுந்தால் முதல் அடி யாருக்கு? ராத்திரி கண்முழித்துப் படித்தவனுக்கு. திருடனும் அவனும் ஒரே சான்றிதழை நீட்டினால், வேலை கொடுக்கிறவன் இரண்டு பேரையும்தான் சந்தேகப்படுவான். இதுவா நீங்கள் காட்டும் இரக்கம்?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2007 டிசம்பரில் 'பாஸ்டன் குளோப்' பத்திரிகை போட்டு உடைத்தது: ராணுவத்தின் ஆன்லைன் அஞ்சல்வழிப் படிப்புகளின் தேர்வு விடைகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. பதவி உயர்வுக்கான புள்ளிகள் இந்தத் தேர்வுகளில் கிடைப்பவை. அதைவிடக் கேவலம், எட்டு வருஷமாகவே ராணுவத்துக்கு விஷயம் தெரியும் என்றது அந்தச் செய்தி. விடையைப் பதிவிறக்கிப் பாஸானவன் மேலே போனான். படித்தவன் கீழேயே நின்றான்.

சரி, ஒழுக்கம் போதித்தால் போதுமா? கௌரவ நெறி என்று மார்தட்டும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில், கொரோனா காலமான 2020 மே மாதம் இருந்த இடத்திலிருந்தே எழுதிய கணிதத் தேர்வில் 73 பேர் மாட்டினார்கள். எல்லாரும் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள்!

அப்போ சீல், பூட்டு, போலீஸ்? நம்மூர் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ஞாபகம் இருக்கா? 2019 செப்டம்பர் தேர்வு. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்கள். மறையும் மையில் எழுதி, விடைத்தாள் சென்னைக்குப் போகும் வழியில் திருத்தியதாக வழக்கு. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை. சீல் இல்லையா, காவல் இல்லையா? 2021 பிப்ரவரி 28-ல் ராணுவ ஆள்சேர்ப்புத் தேர்வு கேள்வித்தாள் கசிந்து நாடு முழுக்க ரத்தானபோது கைதானவர்களில் ராணுவ அதிகாரியே இருந்தார். பூட்டின் சாவி வெளியாள் கையில் இருப்பதில்லை சாமி.

2024-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. கும்பலாகச் செய்தால் 10 வருஷம் வரை ஜெயில், குறைந்தது 1 கோடி அபராதம். நல்லது. ஆனால் சட்டம் வருவது திருட்டு நடந்த பிறகு. அதுவும் அதன் அட்டவணையில் யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கி, என்டிஏ என்று பேர் இருக்கிறதே தவிர, அஞ்சல்வழிப் படிப்பின் பருவத் தேர்வுக்குப் பேர் இல்லை.

என் கட்சி இதுதான்: திருடினால் பிரயோஜனமில்லாத கேள்வித்தாளைத் தயார் பண்ணுங்கள். ஒரே தாளை வருஷக்கணக்கில் சுற்றவிடாதீர்கள். பெரிய கேள்வி வங்கி வைத்து, மையத்துக்கு மையம் தாளை மாற்றுங்கள். வெளியே போன கேள்வியை அன்றைக்கே தூக்கி எறியுங்கள். எழுதுகிறவனின் யூனிட் அதிகாரியையே மேற்பார்வைக்குப் போடாதீர்கள். தன் ஆள் பாஸாகணும் என்று நினைப்பவர் எப்படிக் காவல் காப்பார்? எழுத்துத் தேர்வுக்கு அப்புறம் பத்து நிமிஷம் வாய்மொழியாகக் கேளுங்கள். படித்தவன் சொல்வான், மனப்பாட விடைக்காரன் விழிப்பான். கசிந்தால் மூடி மறைக்காமல் அறிவியுங்கள். இதற்கெல்லாம் அதிவேக இணையம் வேண்டாம். மாயாபந்தரிலேயே செய்யலாம்.

தூரத்தில் இருப்பவனுக்குச் சலுகை வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள். பரீட்சைக்கு முன்னால் பத்து நாள் படிப்பு லீவு கேளுங்கள், பாடப் புத்தகம் நேரத்துக்கு வரணும் என்று கேளுங்கள், கப்பலோ பஸ்ஸோ வராமல் தேர்வைத் தவறவிட்டவனுக்கு மறுதேர்வு கேளுங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன்.

ஆனால் அண்ணன் தம்பி பட்டாளத்தில் இருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 'நாளைக்கு வரப்போற கேள்வி' என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், பாசத்தில் அவனுக்கு அனுப்பிவைக்காதீர்கள். முதலுதவிப் பாடத்தில் அப்படிப் பாஸானவன், நாளைக்கு உங்கள் பிள்ளை அடிபட்டுக் கிடக்கும்போது பக்கத்தில் நிற்கப்போகிறவனாக இருக்கலாம்.