பொன்னேடும் ஒளியும் சொல்லும்

நோய்ப்பொருளைக் காட்டும் ஒளிச்சில்லு ஒன்றுண்டு. கண்ணாடிப் பட்டகத்தின்மேல் பொன்னேடு. தடிப்பு, ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறிட்டால் ஒரு கூறு! ஏட்டில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு குறித்த கோணத்தில் மங்கும். பொன்னின் எதிர்மின்னிகள் ஒருங்கே அலைவுற்று அவ்வாற்றலை உண்டுவிடுகின்றன. மறுபுறத்தே பதித்த நோயெதிர்ப்புப் புரதத்தை உரிய நோய்ப்பொருள் பற்றினால் அக்கோணம் பெயரும், சாயமேதும் வேண்டா. ஒளியின் இவ்வியல்பால் புரதப் பற்றுகையை உணரலாமென 1983-இல் சுவீடன் ஆய்வாளர் காட்டினர். ஏடு தடித்தால் ஒளி மறுபுறம் எட்டாது; மெலிந்தால் மங்கல் கூர்மையிழக்கும். வெள்ளி இன்னும் கூர்மை தரும், ஆனால் கறுத்துப்போம்.

இவ்வளவையும் தமிழ் சொல்லிற்றன்றோ? 'பிளாசுமான்' என ஒலிபெயர்த்துக் கைகழுவுவோர்க்கு என்ன வந்தது? அச்சொல்லே கிரேக்க வேரெடுத்துப் புனைந்ததுதானே! 'எதிர்மின்னிக் கூட்டலைவு' என்றால் மாணவனுக்குப் பொருளும் உடன்விளங்கும். கலைச்சொல் ஆக்குவோர் இதனை ஏற்கட்டும். இதனினும் நல்லதுண்டேல் தரட்டும்.