டீச்சருக்கென்ன, ரெண்டு மாசம் லீவு!

போன வருஷம் மே மாதம் தென்காசிப் பக்கம் மாமனார் வீட்டில் நடந்தது இது. ஊர் போய் இறங்கி நாலாம் நாள். கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், தங்கமணி மட்டும் வாயே திறக்கவில்லை. அத்தை என்னைத் தனியே கூப்பிட்டு, "என்ன மாப்ளே, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார்.

சண்டையெல்லாம் இல்லை (அன்றைக்கு இல்லை). தொண்டை போய்விட்டது. மார்ச்சிலேயே கரகரத்த குரல். ஐந்தாம் வகுப்பு, ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான பிள்ளைகள், தகரக் கூரையில் மழை பெய்தால் அதையும் தாண்டிக் கத்த வேண்டும். பேசாமல் இருந்தால்தான் ஆறும், கிசுகிசுப்பதும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று ராத்திரி போனில் டைப் அடித்து என்னிடம் காட்டினாள்: "ஸ்கூல் திறக்கவே வேண்டாம்னு இருக்கு."

பதினாறு வருஷமாக அந்த வேலையை ஆசைப்பட்டுச் செய்கிறவள். எனக்குப் பக்கென்றது.

"உங்களுக்கென்ன டீச்சர், ரெண்டு மாசம் லீவு" என்று வங்கிக்கு வருகிற ஆசிரியர்களிடம் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த வேலைச் சோர்வை நோய்ப் பட்டியலில் விளக்கி வைத்தது. நோய் என்று அல்ல, வேலையால் வருகிற ஒரு நிலை என்று. மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: உடம்பும் மனசும் வற்றிப்போவது, செய்கிற வேலை மேல் கசப்பு வருவது, 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்று தோன்றுவது. தங்கமணி டைப் அடித்த நாலு வார்த்தையில் மூன்றுமே இருந்தது.

சரி, லீவில் என்னதான் நடக்கிறது? விடைத்தாள், ரிசல்ட், பயிற்சி வகுப்பு, புது அட்மிஷன். தேர்தல் வந்தால் அதுவும். 2024-ல் இங்கே ஏப்ரல் 19-ல் வாக்குப்பதிவு, எண்ணிக்கை ஜூன் 4. நடுவில் முழு கோடையும் போயிற்று. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் வேலைக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்று அறிவித்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆசிரியர்களை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது. இந்தியாவில் இந்த மூன்றும் இல்லாத வருஷம் எது?

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு விஷயம். இந்தத் தீவுகளில் உங்களுக்கு மத்திய அரசின் 1972 விடுப்பு விதிகள்தான். கோடை விடுமுறையில் உத்தரவு போட்டு வேலை வாங்கினால், இழந்த நாளுக்கு விகிதப்படி ஈட்டிய விடுப்பு கணக்கில் ஏற வேண்டும். முழு விடுமுறையும் போனால் முப்பது நாள். உத்தரவை எழுத்தில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வரவு வைக்காத பணம் பணமே இல்லை :-) தங்கமணி தனியார் பள்ளி, அதனால் இதுவும் கிடையாது.

அடுத்தது நம்ம பிரச்சினை, கடல் தாண்டி வந்தவர்கள் பிரச்சினை. ஹாடோவில் கப்பல் ஏறினால் சென்னைக்கு ஏறக்குறைய மூன்று நாள். விமானம் என்றால் மே மாதக் கட்டணத்தைப் பார்த்தே தலை சுற்றும். கேம்பல் பேயில் வேலை பார்க்கிறவர்களுக்கு இங்கே வந்து சேரவே ஒன்றரை, இரண்டு நாள். மே கடைசியில் பருவமழையும் கேரளாவுக்கு முன்னால் நம்மிடம்தான் வரும், கடல் கொந்தளிக்கும். அதைத் தாண்டி ஊர் போனால் கொடை, மூன்று கல்யாணம், ஒரு சடங்கு, "எங்க வீட்டுக்கு வரலையே" என்று முகம் திருப்பும் சித்திகள். திரும்பி வந்த மறுநாள் பள்ளி. இதற்குப் பெயர் ஓய்வா?

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. வங்கியில் முக்கியமான இடங்களில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை, தொடர்ச்சியாகக் குறைந்தது பத்து வேலை நாள், முன்கூட்டிச் சொல்லாமல் கட்டாய லீவில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2021 ஜூலையில் இன்னும் இறுக்கிச் சொன்னார்கள். அந்த நாட்களில் மின்னஞ்சல் தவிர அலுவலகத்து எதையும் தொட முடியாது. திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு, நம்ம உடம்பு நலனுக்கு அல்ல. ஆனாலும் நான் போய் வந்தபோது நாலு நாள் கைகால் ஓடவில்லை, ஆறாம் நாள்தான் தூக்கம் வந்தது. அதற்கப்புறம்தான் லீவு லீவாக இருந்தது.

பணத்தைத் தொடுகிறவனுக்குக் கட்டாய லீவு உண்டு, பிள்ளைகளைத் தொடுகிறவர்களுக்குக் கிடையாது. பள்ளிகளும் செய்ய வேண்டும் என்பது என் கட்சி: விடுமுறையின் முதல் பத்து நாள் வாட்ஸப் குழு மூடல், கூப்பிடக் கூடாது, பயிற்சி கூடாது. மிச்ச நாளில் என்ன வேலை இருந்தாலும் அப்புறம் வைத்துக்கொள்ளட்டும்.

அவர்கள் செய்கிற வரைக்கும் வீட்டில் நாம் செய்யலாம். ஊருக்கு டிக்கெட் போடும்போது பள்ளி மூடிய மறுநாள் போடாதீர்கள். பத்து நாள் இங்கேயே இருக்கட்டும். டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள். சமையலில் இறங்குங்கள் ரங்கமணிகளே, 'உதவி' என்று சொல்லாமல்.

தங்கமணியிடம் சொன்னேன். "அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. வருஷத்துக்கு ஒரு தடவைதான் பாக்குறேன். அதுல பத்து நாளைக் குறைக்கச் சொல்றீங்களா?" என்றாள். பதில் இல்லை என்னிடம். உங்களில் யாருக்கும் இருக்காது.

கடைசியில் அத்தையை இங்கே கூப்பிடுவது என்று முடிவாயிற்று. "கப்பல்னா மாட்டேன், பிளேன்னா வாரேன்" என்றிருக்கிறார். இங்கே அஞ்சு மணிக்கே வெயில் மூஞ்சியில் அடிக்கும் என்பதால் படுக்கையறைக்குத் தடித்த திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறேன். பத்து நாள் சமையல் என் பொறுப்பு. ரசம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.